சின்னதுக்கு கூலி வாங்காத அண்ணன்: எங்க டவுன் சாவு சர்விஸ் ரிவியூ

சாவு சர்விஸுக்கெல்லாம் எவன் ரிவியூ தேடுவான்னு நானும் ஒரு காலத்துல சிரிச்சவதான். போன மார்ச் மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பித்திரி படிக்கட்டுல உக்காந்து போன்ல தேடிக்கிட்டு இருந்தது நானேதான். கெடச்சது மொத்தம் மூணு, ஒண்ணு "குட் சர்விஸ்", ஒண்ணு வெறும் ஸ்டார், மூணாவது சாவு வண்டியை என் வீட்டு கேட்டு முன்னாடி நிறுத்திட்டாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் போட்ட சண்டை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில், வயித்துல 20 வாரத்துல போயிட்ட பிள்ளையை எடுத்து அடக்கம் பண்ணுவீங்களா மாட்டீங்களா, அது எங்கயும் இல்ல. அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன், நாளைக்கு அதே மாதிரி படிக்கட்டுல யாராவது உக்காந்திருப்பாங்க.

கடை பேரு போடல, அண்ணனே வேணாம்னுட்டாரு. "சின்னதுக்கு கூலி வாங்கறதில்லன்னு எழுதிப்போட்டா எண்பது வயசு கெழவனுக்கும் எங்க அப்பா சின்ன உருவம்தான் அண்ணேன்னு வந்து நிப்பாங்கமா"ன்னு சிரிச்சாரு. ஊர்க்காரங்களுக்கு அடையாளம் சொன்னா போதும். மலேசியாவுல சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் நடுவுல உள்ள எங்க தோட்டத்து டவுன், பழைய பசார் பின்பக்கம், டயர் கடையை ஒட்டி மஞ்ச பேனர், அதுல சிவலிங்கம், சிலுவை, புத்தர் மூணும் வரிசையா இருக்கும். வெளிய ரெண்டு பெட்டி சாத்தி வச்சிருப்பாங்க, ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க அதைத் தட்டிட்டு ஓடுங்க. அண்ணனும் அவர் வீட்டுக்காரியும் மட்டும்தான், பெரிய சாவுன்னா வண்டி ஓட்ட ஒரு பையன் வருவான்.

விஷயத்துக்கு வர்றேன். என் தங்கச்சிக்கு கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சுத் தங்கின பிள்ளை. எங்க சித்தி கல்யாணம் பண்ணிட்டு கத்தோலிக்கரா போனவங்க, புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் கோயில் ஜூலை திருவிழாவுக்கு வருஷா வருஷம் போயி இவளுக்காக மெழுகுவர்த்தி வச்சவங்க. எங்க அம்மா வழில முருகனுக்கு நேர்த்தி. ஆக ரெண்டு பக்கமும் சாமிக்கு கடன்பட்டு வந்த பிள்ளை. எட்டாவது வாரம் தனியார் கிளினிக்ல துடிப்பு பாத்தாச்சு, அரசாங்க கிளினிக்ல மாசமான பொண்ணுங்களுக்குப் போடற அந்த ரோஸ் கலர் புக்கு போட்டாச்சு, புக்குல பச்சை ஸ்டிக்கர், எல்லாம் சரியா போய்க்கிட்டு இருந்துச்சு. 19வது வாரம் ஸ்கேன்ல டாக்டர் ரொம்ப நேரம் பேசல. அன்னிக்கே பச்சை போயி மஞ்ச ஸ்டிக்கர், பெரிய ஆஸ்பித்திரிக்கு கடிதாசி.

பெரிய ஆஸ்பித்திரில ஸ்பெஷலிஸ்ட் உக்கார வச்சு விளக்கினாங்க. அனென்செஃபலி. பிள்ளையோட மண்டை ஓட்டு மேல்பக்கம் மூடல, மூளையோட பெரும்பகுதி உருவாகவே இல்ல. கரு தரிச்சு 28 நாளுக்குள்ள, மூளையும் முதுகுத்தண்டும் உருவாகற நரம்புக் குழாய் மூடியிருக்கணுமாம், அதாவது நாள் தள்ளிப்போச்சான்னு நம்ம விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்கற நேரத்துலயே அங்க வேலை முடிஞ்சிருக்கணும். இது வராம இருக்க உதவற போலிக் ஆசிட் மாத்திரை இவ சாப்பிட்டா, ஆனா உண்டாயிட்டேன்னு தெரிஞ்ச பிறகுதான். எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தானே. கல்யாணம் ஆனதுலேர்ந்தே அந்த மாத்திரையைக் குடுங்கடான்னு கல்யாணப் பத்திரிகைலயே அச்சடிச்சா தேவலன்னு எனக்கு அன்னிக்குத் தோணுச்சு. மாத்திரை சாப்பிட்டாலும் சில நேரம் இப்படி வரும்னும் டாக்டர் சொன்னாங்க, ஆனா தங்கச்சி காதுல அது ஏறல. இந்த மாதிரி பிள்ளைங்க சிலது வயித்துலயே போயிடும், உயிரோட பொறந்தாலும் சில மணி நேரம், மிஞ்சினா சில நாள்.

தங்கச்சி கேட்ட ஒரே கேள்வி, "போன வாரம்லேர்ந்து அசையுதே டாக்டர்". டாக்டர் தலையாட்டினாங்க. அசையும், துடிக்கும், மூளைத்தண்டும் முதுகுத்தண்டும் இருக்கறதால அசைவு இருக்கும்னாங்க. அதுக்கு மேல அந்த ரூம்ல யாருக்கும் பேச வரல.

சட்டம் பத்தி அவங்களே சொன்னாங்க, நம்மாளுங்க பாதிப் பேருக்குத் தெரியாததால இங்க எழுதறேன். மலேசியாவுல கருக்கலைப்பு முழுசா தடையும் இல்ல, கேட்டா குடுக்கறதும் இல்ல. பீனல் கோட், அதாவது தண்டனைச் சட்டம், 312வது பிரிவு. கரு கலைய வச்சா மூணு வருஷம் வரை ஜெயில், அசைவு தெரிஞ்ச பிறகுன்னா ஏழு வருஷம் வரை. 1989ல ஒரு விதிவிலக்கு சேத்தாங்க, பிள்ளையைத் தொடர்ந்து சுமக்கறது தாயோட உயிருக்கோ, உடம்புக்கோ, மனசுக்கோ கலைக்கறதை விட அதிக ஆபத்துன்னு பதிவுபெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோட முடிவு பண்ணா செய்யலாம். கவனிச்சீங்களா, பிள்ளைக்கு மண்டை இருக்கா மூளை இருக்கான்னு சட்டத்துல ஒரு வார்த்தை கிடையாது. கணக்கு பூரா தாயைப் பத்தினது. தாயோட விருப்பம்னும் அதுல கிடையாது, டாக்டரோட கருத்துதான். எங்களுக்கு ரெண்டு டாக்டர் கையெழுத்து, அதுல ஒருத்தர் ஸ்பெஷலிஸ்ட். யோசிங்கன்னு மூணு நாள் குடுத்தாங்க.

அந்த மூணு நாள் எங்க வீட்டுல நடந்தது, அமெரிக்காவுல ஐம்பது வருஷமா நடக்கற சண்டை, எங்க தாமான் (குடியிருப்பு) வீட்டு ஹால்ல, நடுவுல ஒரு தட்டு கச்சாங் கடலை.

சித்தி சொன்னது, கரு தரிச்ச நொடிலேர்ந்து அது ஆண்டவர் குடுத்த ஆத்மா, ஒரு மணி நேரம் வாழ்ந்தாலும் அந்த ஒரு மணி நேரம் அவருடையது, நம்ம கை வைக்கக்கூடாது, பொறக்கட்டும், நான் தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் குடுக்கறேன். பெரியம்மா சொன்னது ஒரே வார்த்தை, பாவம். கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கற என் அத்தை பொண்ணு போன்ல வந்தா, 1973ல அமெரிக்கா கோர்ட்டு குடுத்த உரிமையை 2022ல அதே கோர்ட்டு புடுங்கிடுச்சு, 2012ல அயர்லாந்துல ஒரு இந்தியப் பொண்ணு கரு கலைஞ்சுகிட்டு இருக்கும்போதே இன்னும் இதயத்துடிப்பு இருக்குன்னு டாக்டருங்க கை வைக்காம விட்டு ரத்தத்துல கிருமி ஏறி செத்துப்போனா, அதுக்கப்புறம்தான் 2018ல மக்கள் ஓட்டு போட்டு சட்டத்தை மாத்தினாங்க, அவ உடம்பு அவ முடிவு, நீங்கல்லாம் ஏன் ஹால்ல உக்காந்து கூட்டம் போடறீங்கன்னு கத்தினா. கத்தினது ஸ்பீக்கர்ல. தங்கச்சி உள்ள ரூம்ல.

யார் சொன்னதும் பொய்யில்ல, அதான் கஷ்டம். சித்தி வேஷம் போடல, அவங்க அழுதது நெஜம். அத்தை பொண்ணு சொன்னதும் நெஜம். ஆனா ஹால்ல இருந்த எல்லாருமே ஒரு பெரிய கட்சியோட ஆளா பேசிக்கிட்டு இருந்தாங்களே தவிர, ஆறு வருஷம் காத்திருந்த ஒருத்தி உள்ள படுத்துக்கிட்டு வயித்துல கை வச்சு அசையுதான்னு பாத்துக்கிட்டு இருக்கான்னு யாருக்கும் தோணல. எனக்கும் தோணல, நான் தேத்தண்ணி கலக்கிக்கிட்டு இருந்தேன்.

பாட்டிதான் எந்திரிச்சுப் போனாங்க. எங்க பாட்டி பால் மரம், அதான் ரப்பர் மரம், வெட்டினவங்க. விடிகாலைல பெரட்டுக்குப் போயி பேர் குடுத்துட்டு, பிள்ளையை ஆயா கொட்டகைல விட்டுட்டு, நெறமாசத்துலயும் வாளி தூக்கினவங்க. ஒம்பது பெத்தாங்க, தங்கினது அஞ்சு. அவங்க காலத்துல லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, கரு கலைய பச்சைப் பப்பாளி, அன்னாசி, எள்ளு உருண்டைன்னு என்னென்னமோ முயற்சி பண்ணுவாங்களாம், குடிகாரப் புருசன், ஏழு பிள்ளை, எட்டாவது வந்தா சோத்துக்கு எங்க போறதுன்னு. பக்கத்து லயத்துல ஒருத்தி மருத்துவச்சிகிட்ட குச்சி வச்சுக்கிட்டு மூணாம் நாள் ஜுரத்துல போயிட்டாளாம், தோட்டத்துல மருந்து குடுக்கற டிரசர் வந்து பாக்கும்போது பிள்ளைங்க பொணத்துமேல படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்துச்சாம். பாவம்னு சொன்னவங்களும் அழுதாங்க, ஆனா அந்தப் பிள்ளைங்களை எடுத்து வளக்க ஒருத்தரும் வரலன்னு பாட்டி சொன்னாங்க. இதையெல்லாம் தங்கச்சி கட்டில்ல உக்காந்து அவ தலையைக் கோதிக்கிட்டே சொன்னாங்க. செய்னும் சொல்லல, செய்யாதன்னும் சொல்லல.

தங்கச்சி முடிவு பண்ணிட்டா. அவ வீட்டுக்காரர் கூட நின்னாரு, அவரைப் பத்தி அவ்வளவுதான் சொல்ல முடியும், மனுசன் வாயே தொறக்கல. மருந்து வச்சு வலி வர வச்சாங்க. பதினாலு மணி நேரம். ஒரு மலாய் மிசி (நர்ஸ்) ராத்திரி பூரா கையைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவங்க மார்க்கத்துல 120 நாளுக்கு மேல தாயோட உயிருக்கு ஆபத்துன்னாதான் அனுமதின்னு எனக்குத் தெரியும், எங்களுக்கு அந்த 120 தாண்டிருச்சு, அந்தப் பொண்ணு மனசுல என்ன ஓடிச்சோ தெரியாது, கையை மட்டும் விடல.

பொம்பளப் பிள்ளை.

அதுக்கப்புறம்தான் எனக்குக் கோபம் வந்த இடம். வார்டுல குடுத்த துண்டுச் சீட்டுல "அபோர்ட்டஸ்"னு போட்டிருந்துச்சு, கலைஞ்ச கருன்னு அர்த்தம். டாக்டர் பாஷைல தானா கலைஞ்சாலும் அதே குடும்பத்து வார்த்தைதான்னு பிறகு தெரிஞ்சுச்சு, ஆனா அதை மொதல்ல படிச்சது சித்தி. கவுண்டர்ல இருந்தவரு, ஆஸ்பித்திரியே அப்புறப்படுத்திரும், இல்ல எடுத்துட்டுப் போறதுன்னா போரம் நிரப்புங்கன்னாரு, மூஞ்சியைக்கூட நிமித்தல. 20 வாரத்துக்கு பொறப்பு சர்டிபிகேட்டும் கிடையாது, எறப்பு சர்டிபிகேட்டும் கிடையாது. கவர்மெண்டு கணக்குல அவ வரவும் இல்ல, போகவும் இல்ல. போரம்ல உறவு முறைன்னு ஒரு கோடு இருந்துச்சு, என்ன எழுதறதுன்னு ரொம்ப நேரம் பேனாவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், கடைசில "பெரியம்மா"ன்னு எழுதினேன். அவரு அடிச்சிட்டு மலாய்ல "தாயின் சகோதரி"ன்னு திருத்தினாரு.

அப்பத்தான் படிக்கட்டு. மொத ஆளுக்குப் போன் போட்டேன், சர்டிபிகேட் இல்லாம எடுக்க மாட்டோம்னு வச்சிட்டாங்க. ரெண்டாவது ஆள் எடுப்போம், ஆனா பேக்கேஜ் 3,500 வெள்ளி (ரிங்கிட்)தான், வண்டி வந்தா வண்டி காசுதானே தங்கச்சின்னாரு. மூணாவதுதான் இந்த அண்ணன். தூக்கத்துலேர்ந்து எந்திரிச்ச குரல். நான் வாரம், வியாதி, சட்டம், டாக்டர் கையெழுத்துன்னு ஒப்பிக்க ஆரம்பிச்சேன், யாராவது ஏன் கலைச்சீங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி நம்மளே சொல்லிடணும்னு ஒரு பயம். அவரு நடுவுல நிறுத்தி, "அதெல்லாம் இருக்கட்டும்மா, எவ்ளோ நீளம்?"னாரு.

எனக்கு புரியல. "பெட்டி அடிக்கணும்ல. சாண் கணக்குல சொல்லு."

போனை தோள்ல இடுக்கிக்கிட்டு இருட்டுல என் கையை விரிச்சுப் பாத்தேன். ஒரு சாண், அதுக்கு மேல ரெண்டு விரல் இருக்கலாம். "சரி, சின்னதுதான். காலைல எட்டு மணிக்கு வர்றேன், தாயை வெறும் வயித்தோட வைக்காதீங்க"ன்னு வச்சிட்டாரு.

சின்னது. அந்தத் தொழில்ல அதுதான் சொல்லாம். பெருசு, சின்னது. அந்த மூணு நாள்ல என் தங்கச்சி பிள்ளைக்கு எத்தனை பேரு வச்சாங்க, சித்திக்கு ஆத்மா, அத்தை பொண்ணுக்கு ஃபீட்டஸ், பெரியம்மாவுக்கு பாவம், சீட்டுல அபோர்ட்டஸ். எல்லாத்துலயும் ஒரு வழக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு, வாயைத் தொறந்தாலே நீ இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேக்கற வார்த்தைங்க. சின்னதுங்கறதுல அந்த ரோதனை இல்ல.

இப்ப சர்விஸ் எப்படின்னு சொல்றேன். எட்டு மணின்னாரு, ஏழே முக்காலுக்கு வந்துட்டாரு. பெரிய வண்டி எடுத்துட்டு வரல, சொந்த காடி (கார்), பின் சீட்ல அவர் வீட்டுக்காரி மடில பெட்டி. பெட்டி கித்தா (ரப்பர் மர) கட்டைல, பக்கத்துல உள்ள பர்னிச்சர் பேக்டரில மிஞ்சின துண்டுங்களை வாங்கி வச்சுக்கறாராம், மேல வார்னிஷ் இல்ல, மழமழன்னு தேச்சிருந்தாரு. உள்ள வெள்ளைத் துணி, அந்தக்கா கையால தைச்ச சின்னத் தொப்பி ஒண்ணு. தொப்பி ஏன்னு எனக்கு ஒரு நிமிசம் பிடிபடல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, போன்ல நான் வியாதியைச் சொன்னதை மனுசன் கேட்டுத்தான் இருந்திருக்காரு. தலையை மூடி, மூஞ்சி மட்டும் தெரியற மாதிரி சுத்திக் குடுத்தாங்க. பாக்கணும்னா பாக்கலாம், வேணாம்னா வேணாம், இப்ப பயமா இருந்தா பத்து நிமிசம் கழிச்சுக் கூட கேளுன்னு தங்கச்சிகிட்ட அந்தக்கா சொன்னாங்க. தங்கச்சி பாத்தா. மூக்கு எங்க அம்மா மூக்கு.

பாட்டி பெட்டியைத் தடவிட்டு, "பால் மரத்துலயா அடிச்சீங்க"ன்னு கேட்டாங்க. ஆமா பாட்டின்னாரு. பாட்டிக்கு என்ன தோணுச்சோ, அவங்க பொதச்ச நாலும் ஆறாம் நம்பர் காட்டுல கித்தா மரத்தடில, பேரு கிடையாது, கல்லு கிடையாது, அப்புறம் மரத்தையெல்லாம் சாய்ச்சு செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டப்ப ட்ராக்டர் வந்து சமப்படுத்திட்டுப் போயிடுச்சு. அந்த நாலுக்கும் யாரும் சட்டமும் பேசல, சண்டையும் போடல. பாட்டி அன்னிக்குத்தான் அதுங்களை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி எங்ககிட்ட சொன்னாங்க, ரெண்டு ஆம்பளை, ரெண்டு பொம்பளை.

இடுகாட்டுல எதிர்பாராம நிறைய பேரு வந்துட்டாங்க. சின்னதுங்களை எரிக்கறது இல்ல, பொதைக்கறதுதான் வழக்கம், அதனால பழைய தோட்டத்து இடுகாட்டுலயே ஓரமா குழி. குழி வெட்டினதும் அண்ணனேதான். சித்தி வந்தாங்க, நான் வர மாட்டாங்கன்னு நெனச்சேன். ஜெபமாலையோட தள்ளி நின்னாங்க. மண்ணு போடும்போது பெரியம்மா ஆரம்பிச்சாங்க, "செய்யறதையும் செஞ்சிட்டு பொதைக்க வேற வந்துட்டோம்"னு. எங்க தாத்தாவோட தம்பி, ரிட்டையர் ஆன தமிழ்ப்பள்ளி வாத்தியாரு, அவரு சும்மா இருப்பாரா, புறநானூறுல 34வது பாட்டு, ஆலத்தூர் கிழார், பசுவோட மடியை அறுத்தவனுக்கும் கருவைச் சிதைச்சவனுக்கும் கூட கழுவாய் உண்டு, செஞ்ச நன்றியைக் கொன்னவனுக்குத்தான் உய்தி இல்லைன்னு அப்பவே சொல்லிட்டான்னாரு. பெரியம்மா விடல, "கழுவாய் உண்டுன்னா பாவம்னுதானே அர்த்தம்?" வாத்தியாருக்கு அதுக்குப் பதில் இல்ல. எனக்கும் இல்ல, பெரியம்மா படிக்காதவங்க, ஆனா பாட்டை சரியாத்தான் புடிச்சாங்க.

அண்ணன் மம்பட்டியை ஊணிக்கிட்டு, "அம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க, நெழல் குழில விழுது, எனக்கு ஆழம் தெரியல"ன்னாரு. அவ்வளவுதான். எல்லாரும் தள்ளி நின்னோம். பேச்சும் நின்னுச்சு. அதுக்கப்புறம் சித்தி முழங்கால் போட்டு அருள்நிறை மரியே சொன்னாங்க, அம்மா பால் ஊத்தினாங்க. பெரியம்மாவே போயி முள்ளுக் கெளை ஒடிச்சுட்டு வந்தாங்க, தலைச்சன் பிள்ளை, மந்திரவாதிங்க தோண்டிருவாங்கன்னு பயம். பாவம்னு சொன்ன வாய்தான், ஆனா கை பூரா முள்ளு குத்தி ரத்தம். அண்ணன் அதுக்கு மேல ஒரு பழைய சிமெண்டு பலகையும் வச்சாரு, நாயி தோண்டாம இருக்க.

முடிஞ்ச பிறகு காசு கேட்டோம். கட்டைக்கும் துணிக்கும் 80 வெள்ளி, காடி எண்ணெய்க்கு 30. கூலி இல்ல. ஏன் அண்ணேன்னேன். கூலி வாங்கினா வேலைன்னு ஆயிடும்னு ஏதோ சொல்லிட்டு பேச்சை மாத்திட்டாரு. அப்புறம் தே குடிக்கும்போது அந்தக்காதான் சொன்னாங்க, சாக்கடைலயும் செம்பனைத் தோட்டத்து ஓரத்துலயும் கெடந்த பிள்ளைங்களை ரெண்டு தடவை போலீஸ் கூப்பிட்டு இவரு எடுத்திருக்காரு, கேக்க ஆளில்லாத பிள்ளைங்க, அதுங்களுக்கும் இதே பெட்டி, இதே தொப்பி. அதுலேர்ந்துதான் சின்னதுக்கு கூலி வாங்கறதில்ல, எப்படிப் போச்சுன்னும் கேக்கறதில்ல. ஒருத்திகிட்ட கேட்டு அவ அடுத்தவகிட்ட சொல்லி, அப்புறம் பயந்துகிட்டு யாரும் கூப்பிடாம குப்பைல போட்டாங்கன்னா அது யார் தலைல விழும்னு கேட்டாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லிக்கறேன், ரிவியூவுக்கு சம்பந்தமில்லாட்டியும். பெத்துட்டு வளக்க வழியில்லாத பொண்ணுங்களுக்குன்னு 2010ல பெட்டாலிங் ஜெயால ஆர்பன்கேர்ங்கற அமைப்புக்காரங்க குழந்தைத் தொட்டில் கதவு ஒண்ணு தொறந்தாங்க, வச்சிட்டுப் போகலாம், யாரும் மூஞ்சி பாக்க மாட்டாங்க. சுங்கைப்பட்டாணிலயும் ஒண்ணு வந்துச்சு. தமிழ்நாட்டுல 1992லயே சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம்னு வந்துச்சே, அதே யோசனைதான். நம்ம தோட்டத்துப் பொண்ணுங்க எத்தனை பேருக்கு இது தெரியும்? கூலிம் பேக்டரில என்கூட வேலை பாத்த நேபாளப் பொண்ணுங்களுக்கு இன்னும் மோசம், 2014ல பினாங்குல ஒரு நேபாளத் தொழிலாளிப் பொண்ணை கிளினிக்ல கலைச்சதுக்காகப் புடிச்சு ஒரு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு சொன்னாங்க, அப்புறம் ஹைகோர்ட்டுதான் விடுதலை பண்ணுச்சு. எங்க லைன்ல அப்ப பூரா அதே பேச்சு. மாசமானாலே பெர்மிட்டு போயிடும், ஊருக்கு அனுப்பிடுவாங்க, கலைச்சா ஜெயிலு. உயிருக்கு மதிப்பு குடுக்கணும்னு மேடைல பேசறவங்க ஒரு தடவை அந்தப் பொண்ணுங்க ஆஸ்டல்ல போயி உக்காந்து பேசினா நல்லாருக்கும். அதே சமயம் எல்லாம் வெறும் சதைதான், இதுல அழ என்ன இருக்குன்னு லேசா சொல்றவங்க அந்தத் தொப்பியைக் கையில வாங்கிப் பாத்தா நல்லாருக்கும். என் தங்கச்சி செஞ்சது சரின்னு நான் நெனக்கிறேன், அது பிள்ளைதான்னும் நெனக்கிறேன், ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கிட்டு எப்படி இருக்கறதுன்னு யாராவது கேட்டா, இருக்கோம், சோறு சாப்பிடறோம், அவ்வளவுதான் தெரியும்.

குறைங்களும் இருக்கு, ரிவியூன்னா அதையும் சொல்லணும்ல. வாட்சாப்ல டைப் பண்ணவே மாட்டாரு, எல்லாம் மூணு நிமிச வாய்ஸ், அதுல பின்னாடி டயர் கடை சத்தம். ரசீது கிடையாது, கேட்டா காலண்டர் தாள்ல எழுதிக் குடுப்பாரு. காடில ஏர்கோன் இல்ல, மார்ச் வெயில்ல வெந்துட்டோம். அவரு கூட்டிட்டு வந்த பண்டாரம் "இதுக்கெல்லாம் மந்திரம் கிடையாது"ன்னு ஒரு சூடத்தைக் கொளுத்திட்டு ரெண்டு நிமிசத்துல மோட்டர்ல ஏறிட்டாரு, 50 வெள்ளியை மட்டும் மறக்காம வாங்கிக்கிட்டாரு. அதுக்கு அண்ணனே மன்னிப்பு கேட்டாரு, அடுத்த தடவை வேற ஆள்னாரு, அப்புறம் அடுத்த தடவைன்னு சொல்லியிருக்கக் கூடாதுன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. கடை வாசல்ல பிள்ளைங்க சைஸ் பெட்டியை ரோடு பாக்க வைக்காதீங்கன்னு நான் சொன்னேன், இப்ப உள்ள தள்ளி வச்சிருக்காரு. பார்க்கிங் விஷயத்துல அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான், பெரிய வண்டி நெஜமாவே அவர் கேட்டை மறைக்குது.

அஞ்சுக்கு நாலரை. அரை குறைச்சது பண்டாரத்துக்கு.

தங்கச்சிக்கு இப்ப பரவால்ல. டாக்டர் அடுத்ததுக்கு மூணு மாசம் முன்னாடியே 5 மில்லிகிராம் போலிக் ஆசிட் ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க, மாத்திரை டப்பா அடுப்படில உப்பு டப்பா பக்கத்துல இருக்கு, சாப்பிட ஆரம்பிச்சாளான்னு நாங்க யாரும் கேக்கறதில்ல. சித்தி ஜூலை திருவிழாவுக்கு இந்த வருஷமும் போனாங்க, எத்தனை மெழுகுவர்த்தி வச்சாங்கன்னு சொல்லல.

அண்ணன் கடை காலைல ஏழு மணிக்கே தொறந்திருக்கும், மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரை தூங்குவாரு, அப்ப கூப்பிட்டா அந்தக்கா எடுப்பாங்க. ராத்திரின்னா எத்தனை மணியானாலும் போடுங்க. சர்டிபிகேட் கேக்க மாட்டாரு, ஆஸ்பித்திரி குடுக்கற துண்டுச் சீட்டை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க. அளவு கேப்பாரு. சாண் கணக்குல சொன்னா போதும்.